குளிரில் எழும் பசியும் குளிரில் அவியும் பசியும்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், நக்கிள்ஸ் மலைத்தொடர் தன் உயரமெல்லாம் இழந்து மகாவலியின் சமவெளியில் இறங்கும் இடத்தில் அமைந்த வில்கமுவப் பிரதேசம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. அங்கே ஆண்டின் பெரும்பாகமும் மனிதருக்கும் கால்நடைகளுக்கும் கவலை தருவன வெயிலும் நீரின்மையுமே. ஆயினும் கார்த்திகைப் பிற்பகுதி தொடங்கித் தை வரையில், வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சுமந்து வந்து மலையின் கிழக்கு முகத்தில் மோதுகின்ற நாட்களில், அதே பிரதேசத்தின் மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தாழ்த்தி, உடல் கூனி, ஒன்றையொன்று நெருங்கி நிற்பதைக் காணலாம். கடல் மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல 1,000 மீற்றருக்குச் சராசரியாக ஆறரைப் பாகை வீதம் காற்றின் வெப்பம் குறையுமாதலால், ஏறக்குறைய 1,900 மீற்றர் உயர்ந்த நக்கிள்ஸ் சிகரங்களுக்கும் அவற்றின் அடியிலே கிடக்கும் மேய்ச்சல் தரைகளுக்கும் இடையே ஒரே காலைப் பொழுதில் பத்துப் பாகைக்கும் அதிகமான வேறுபாடு இருக்கக்கூடும். குளிரைப் பிராணிகள் எவ்வாறு தாங்குகின்றன, தாங்குவதற்கு எதைச் செலவிடுகின்றன, எந்த இடத்தில் தோற்றுப்போகின்றன என்ற விசாரத்துக்கு இத்தகைய பிரதேசமே ஏற்றது. பனி பெய்யும் தேசங்களில் எல்லோரும் அறிந்திருக்கும் ஓர் ஆபத்து, வெப்ப தேசத்தில் யாரும் எதிர்பாராத வேளையில் வந்துவிடுகிறது.

அப்படி அது வந்த நாட்களை இலங்கையின் கால்நடை வளர்ப்போர் இன்னும் மறக்கவில்லை. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல், வங்கக் கடலில் நின்றிருந்த நாட்களில் வடக்கிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து இலங்கையின் மேல் வீசச் செய்தது. மழையும் காற்றும் ஓயாது அடித்த அந்த இரண்டொரு நாட்களில், வன்னிப் பகுதியைச் சேர்ந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு முதலிய வடமாகாண மாவட்டங்களிலும் கிழக்கு மாகாணத்திலுமாக 1,600-க்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. தொற்றுநோயோ என்று ஜனங்கள் அஞ்சினர். இறந்த விலங்கின் இறைச்சி சந்தைக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் அவ்விரு மாகாணங்களிலிருந்தும் இறைச்சியை வெளியே கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. கடைசியில் அதிகாரிகள் கண்ட காரணம் குளிரின் தாக்கம் ஒன்றே. நீர் உறையும் நிலைக்கு அருகிற்கூட அன்றைய வெப்பநிலை இறங்கவில்லை. சைபீரியாவிலும் கனடாவிலும் உறைபனியில் நின்றுகொண்டே மாடுகள் ஈனுகின்றன. அப்படியிருக்க வன்னியின் மாடு, ஐரோப்பியர் மெல்லிய சட்டையோடு உலவக்கூடிய ஒரு குளிரில் ஏன் செத்து விழுந்தது? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு முதலில் உடலின் உஷ்ணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பாலூட்டிகளும் பறவைகளும் வெளியுலகம் எவ்வாறு மாறினாலும் தம் உள்ளுடம்பின் உஷ்ணத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சுபாவம் உடையவை. பசுவின் உள்ளுஷ்ணம் சுமார் முப்பத்தெட்டரைப் பாகை. ஆட்டினது அதைவிடச் சற்று அதிகம். உண்ட ஆகாரம் தேகத்தில் எரிந்து உண்டாக்கும் வெப்பமும், தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் வெளியேறும் வெப்பமும் சமமாக இருக்கும்வரையில் இந்த அளவு மாறாது. சுற்றுப்புறம் மிதமாக இருக்கும்போது, பிராணி யாதொரு தனி முயற்சியும் செய்யாமலே இச்சமநிலை நிற்கும். குளிர் சற்று ஏறினால் தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். மயிர் சிலிர்த்து எழுந்து, தோலை ஒட்டி அசையாத காற்றுப் படலம் ஒன்றைப் பிடித்து வைக்கும். இன்னும் குளிர்ந்தால் அவை போதா. உடல் அதிகமாக எரித்தே தீர வேண்டும். அவ்வாறு அதிகமாக எரிக்கத் தொடங்கும் எல்லைதான் பிராணிக்குப் பிராணி வியக்கத்தக்க அளவில் மாறுகிறது.

1950-ஆம் ஆண்டில் ஷோலாண்டரும் அவருடைய சகாக்களும் அலாஸ்காவின் வடகோடியிலுள்ள அப்போது பரோ என வழங்கிய ஊரிலும் பனாமாவின் வெப்பக் காட்டிலும் பற்பல விலங்குகளை அளந்து பார்த்தனர். துருவத்து வெண்ணரி, உறைநிலைக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும் தன் உள்நெருப்பைக் கூட்டவில்லை. வெப்பக் காட்டு விலங்குகளோ இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட பாகைகளிலேயே கூட்டத் தொடங்கிவிட்டன. மாடுகளிடத்திலும் இவ்வித வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சாமுவேல் புரோடி நடத்திய ஆராய்ச்சிகளில், ஐரோப்பிய இனப் பசுக்கள் உறைநிலையை ஒட்டிய குளிரிலிருந்து சுமார் 16 பாகை வரையிலும் சுகமாக இருந்தன. திமில் கொண்ட இந்திய இனங்களுக்கு உகந்த எல்லை சுமார் 10 முதல் 27 பாகை வரை என்று கணிக்கப்பட்டது. மெல்லிய தோல், குட்டையான வழுவழுப்பான மயிர், தொங்கும் அலைதாடி, அகன்ற காது ஆகிய எல்லாம் உஷ்ணத்தை வெளியேற்றுவதற்கு வாய்த்தவை. வெயிலிலே உயிர் காக்கும் அதே உறுப்புகள் குளிர்காற்றில் விலங்கைக் கைவிடுகின்றன.

அதிகமாக எரிக்க வேண்டுமானால் அதிகமாக உண்ண வேண்டும்; குளிரில் பசி எழுவது இந்த நியதியாலேயே. 1948-ஆம் ஆண்டில் ஜான் பிரோபெக் என்ற அமெரிக்க உடலியல் விஞ்ஞானி, பிராணிகள் தம் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்வதற்காக உண்கின்றன, உடல் மிதமிஞ்சிச் சூடாவதைத் தவிர்ப்பதற்காக உண்பதை நிறுத்துகின்றன என்று துணிந்து கூறினார். எலிகளின் அறையைச் சூடாக்கினால் அவை உணவைக் குறைத்தன, குளிர்வித்தால் கூட்டின. 1961-இல் சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்சன், லார்சன் ஆகிய இருவரும் ஆடுகளின் மூளைக்குள், ஹைபொதலாமஸ் என்னும் பகுதியின் முன்புறத்தில், நுண்ணிய குழாயைச் செலுத்தி அவ்விடத்தை மட்டும் குளிர்வித்தார்கள். வெளியே குளிர் சிறிதும் இல்லாதிருந்தும் ஆடு தின்னத் தொடங்கியது. அதே இடத்தைச் சூடாக்கியபோது பசியோடு தின்றுகொண்டிருந்த ஆடு வாயை எடுத்துவிட்டு நீரைத் தேடியது. இவ்வளவு தெளிவான பரீட்சையோடு விஷயம் முடிந்திருந்தால் எத்தனையோ எளிதாயிருக்கும். ஆனால் 1968-இல் பிரோபெக்கே பங்குகொண்ட வேறொரு பரீட்சையில், எலியின் மூளையில் அவ்விடத்தைச் சூடாக்கியபோது அது குறைவாக உண்ணுவதற்குப் பதிலாக அதிகமாக உண்டது. ஒரே ஓர் உஷ்ணமானி பசியை ஆள்கிறது என்ற எண்ணத்தை இது அசைத்தது. தன் கருத்துக்கு மாறான விளைவை மறைக்காது வெளியிட்ட அந்த ஆராய்ச்சியாளரின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதற்கும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2023-இல், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் லி யே என்பவரின் குழுவினர் சுண்டெலிகளைக் கொண்டு இவ்விஷயத்தில் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டறிந்தனர். 23 பாகையிலிருந்த அறையை 4 பாகைக்குக் குளிர்வித்தபோது, சுண்டெலி உடனே உணவைத் தேடி ஓடவில்லை. சுமார் ஆறு மணி நேரம் வரை அசையாமல் ஒடுங்கி, இருப்பதைச் சேமித்துக்கொண்டிருந்துவிட்டு, அதன் பின்னரே இரை தேடும் சுறுசுறுப்பைக் கொண்டது. குளிர் நேராகப் பசியாக மாறுவதில்லை என்பதும், குளிரினால் ஏற்பட்ட சக்தி இழப்பு ஓரளவு சேர்ந்த பின்பே பசி எழுகிறது என்பதும் இதனால் விளங்குகின்றன. மூளையின் தலாமஸ் பகுதியில், நடுக்கோட்டின் மேல் அமைந்த ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தைத் தூண்டியபோது சுண்டெலி உணவைத் தேடியது. அதை அடக்கியபோது குளிரிலும் தேடல் குறைந்தது. உடல் ஒடுங்கியிருக்கும் அந்த ஆறு மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மந்தையின் கதைக்கு அது உதவும்.

சுண்டெலியின் வயிறும் மாட்டின் வயிறும் ஒன்றல்ல. மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்துக்கொண்டே இருக்கின்றன; அச்சிதைவினால் அவ்வயிறு உடலின் மற்றப் பாகங்களைவிடச் சற்று அதிக உஷ்ணமாகவே இருக்கிறது. வைக்கோலும் முற்றிய புல்லும் தின்ற மாட்டுக்குள், உமி அடுப்பில் நெருப்பு மெல்ல மெல்ல இரவெல்லாம் கனல்வது போல, தின்று முடித்துப் பல மணி நேரத்துக்குப் பிறகும் வெப்பம் பிறந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் மாலை வேளையில் நார்த்தீவனத்தை நிறையப் போட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுவே விஞ்ஞானக் காரணம். வெயிற்காலத்தில் அவ்வெப்பம் சுமையாகிறது, குளிரில் அதுவே போர்வையாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் செம்மறி ஆடுகளைக் குளிரில் வைத்து ஆராய்ந்த கிறிஸ்டோபர்சன் முதலியோர் இன்னொரு விஷயத்தையும் கண்டனர். குளிரில் வயிற்றின் அசைவு வேகப்பட்டு, தீவனம் விரைவாகக் கடந்து செல்கிறது. இதனால் ஆடு அதிகமாக உண்ண இடம் கிடைத்தாலும், உண்டதை முற்றாகச் செரிக்க அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே குளிரில் வாடும் ஆட்டுக்கு ஒரு கட்டுப் புல்லிலிருந்து கிடைக்கும் பயன் குறைந்துபோகிறது. தீவனம் தாராளமாக இருக்கும் இடத்தில் இது பெரிய நஷ்டமாகாது. மேய்ச்சல் அரிதான இடத்தில் விலங்கின் உயிருக்கே உலை வைக்கும்.

இனி வன்னிக்கு வருவோம். மார்கழி மாதம் பெரும்போக வேளாண்மையின் நடுப்பகுதி. வயல்களெல்லாம் நெற்பயிரால் நிறைந்திருக்குமாதலால், அறுவடைக்குப் பின் தாளை மேய்ந்து திரிந்த மந்தைகள் அப்போது காட்டோரங்களுக்குத் துரத்தப்பட்டு, கூரையற்ற பட்டிகளில் அடைக்கப்படுகின்றன. வில்கமுவ உட்பட மகாவலிக் கரையெங்கும் நெல் விளையும் இடங்களிலெல்லாம் இந்த நெருக்கடி உண்டு. மழை ஓயாது பெய்யும்போது மேய்வதற்கு மாடு போகாது. பட்டிக்குள் கிடைப்பதோ சேறு. நாட்கணக்கில் வயிறு காய்ந்தால் உள்ளிருந்து பிறக்கும் வெப்பம் தணிகிறது. அதே வேளையில் வெளியேறும் வெப்பமோ பெருகுகிறது. உலர்ந்த மயிருக்குள் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மந்தமானது. மயிர் நனைந்து அக்காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், நீர் காற்றைப் போல் ஏறக்குறைய 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஐரோப்பிய இன மாட்டுக்குக்கூட, குளிர்கால மயிர் உலர்ந்திருக்கையில் தாங்கும் எல்லை உறைநிலையாயிருக்க, உடல் நனைந்துவிட்டால் அவ்வெல்லை சுமார் 15 பாகைக்கு ஏறிவிடுகிறது என்று மேல்நாட்டுக் கால்நடை நூல்கள் கூறும். மெல்லிய மயிருள்ள நம் நாட்டு மாட்டுக்கு அது இன்னும் மேலே ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 250 கிலோ எடையுள்ள மாடு, வெறும் வயிற்றோடு அசையாமல் படுத்திருக்கையில் ஒரு நாளில் உண்டாக்கும் வெப்பம் சுமார் 4,400 கிலோ கலோரி, அதாவது மணிக்கு 180 அளவு. ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கோ 580 கிலோ கலோரி வேண்டும். மழை விட்டுக் காற்று மட்டும் வீசுகையில் மாட்டின் மேலிருந்து ஒரு லீற்றர் நீர் உலர்ந்து, அதற்கான வெப்பம் முழுவதும் அதன் தேகத்திலிருந்தே எடுக்கப்பட்டால், மூன்று மணி நேரத்துக்கும் அதிகமாக அது சம்பாதித்த வெப்பம் அந்த ஒரு லீற்றரோடு போய்விடுகிறது. ஒரு பங்கைச் சுற்றியுள்ள காற்று கொடுக்குமாகையால் உண்மையில் இழப்பு இதைவிடக் குறைவே; ஆயினும் மழையும் காற்றும் மாறி மாறி இரவும் பகலும் அடிக்கையில் அடுத்த லீற்றர் எப்போதும் தயாராக நிற்கிறது.

இந்த இடத்தில்தான் பசி தன் திசையை மாற்றிக்கொள்கிறது. மெலிந்த மாடு முதலில் நடுங்குகிறது. தசைகளின் நடுக்கம் நல்ல வெப்பத்தைத் தந்தாலும், அதற்கு எரிபொருள் கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரையும் தோலடிக் கொழுப்புமே. அவை தீர்ந்தபின் உள்ளுஷ்ணம் இறங்கத் தொடங்கும். உள்ளுஷ்ணம் இறங்கினால் பெருவயிற்றின் அசைவு தளரும். அசை போடுவது நிற்கும். மாட்டின் முன் தீவனத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் அது முகர்வதில்லை. குளிரைத் தடுப்பதற்காக எழுந்த பசி, குளிர் வென்றபின் அவிந்துபோகிறது. பசி அவிந்ததால் வெப்பம் இன்னும் குறைகிறது. உள்ளுஷ்ணம் சுமார் 28 பாகைக்குக் கீழே இறங்கிய மாடு, பிறர் உதவியின்றித் தானாக மீளாது. சுண்டெலி ஒடுங்கியிருந்து பின் இரை தேடுவதற்கு ஆய்வறையில் உணவு தயாராயிருந்தது. பட்டிக்குள் ஒடுங்கிய மாட்டுக்கு, தேட வேண்டிய வேளை வந்தபோது வழியும் வலுவும் இருக்கவில்லை. அந்த டிசம்பரில் மடிந்தவற்றின் கதையை நான் இவ்வாறே விளங்கிக்கொள்கிறேன். குளிரின் அளவை மட்டும் அறிவித்த வானிலைச் செய்தி அந்த மந்தைகளுக்கு நேர்ந்த ஆபத்தில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

குளிரிலே தம் இரத்தமும் குளிர்ந்துவிடும் ஊர்வன இந்த வழியில் போகவே இல்லை. பல்லியும் முதலையும் குளிரில் உணவைக் குறைக்கின்றன. உடல் குளிர்ந்தால் அவற்றின் செரிமானமும் ஏறக்குறைய நின்றுவிடுமாதலால், அவ்வேளையில் உண்பது அவற்றுக்கு ஆபத்து. இரையை விழுங்கிய மலைப்பாம்பு வெயில் கிடைக்காது போனால், வயிற்றில் அது அழுகுவதற்கு முன் கக்கிவிடுவதும் உண்டு. ஆனால் அம்மலைப்பாம்பினத்திலேயே தாய்ப்பாம்பு, முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, தசைகளைத் துடிதுடிக்கச் செய்து வெப்பமுண்டாக்கி அடைகாக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரான லாமார்-பிக்கோ இந்தியாவில் கண்டு சொன்னபோது அறிஞர் பலர் நம்ப மறுத்த இச்செய்தியை, 1966-இல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலைப் பாம்பொன்றில் ஹச்சிசனும் சகாக்களும் அளந்து உறுதி செய்தனர். அத்தாய், அடைகாக்கும் காலமெல்லாம் பெரும்பாலும் இரையைத் தொடுவதில்லை. சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்தே முட்டைகளுக்கு வெப்பம் தருகிறது.

குட்டிகளின் நிலை வேறு. உருவம் சிறிதாகச் சிறிதாக எடைக்கு ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகமாவதால், புதிதாய்ப் பிறந்த கன்றும் குட்டியும் தாயைவிட எளிதாக வெப்பத்தை இழக்கும். பிறக்கும்போதே உடம்பெல்லாம் ஈரம். இதற்கு ஈடாக இயற்கை அவற்றுக்குச் சிறுநீரகத்தைச் சுற்றியும் பிற இடங்களிலும் பழுப்புக் கொழுப்பு என்னும் ஒரு விசேஷக் கொழுப்பை வைத்துக் கொடுத்திருக்கிறது. நடுக்கமில்லாமலே எரிந்து வெப்பம் தருவது அதன் தொழில். வில்கமுவ விவசாயியின் பயிருக்குப் பரம விரோதியாகிய காட்டுப்பன்றிக்கு மட்டும் அந்த வசதி இல்லை. பன்றிக் குலத்தின் முன்னோர்களிடத்தில் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அக்கொழுப்பை எரியச் செய்யும் ஜீன் சிதைந்து செயலிழந்துவிட்டது. சுவீடனின் உப்சாலாவில் ஆராய்ந்தவர்கள் இதை 2006-இல் வெளியிட்டார்கள். ஆகவே பன்றிக்குட்டி பிறந்தவுடன் நடுங்கியே சூடேற வேண்டும். தாய்ப்பன்றி ஈனுவதற்கு முன் மண்ணைக் கிளறிப் பள்ளமாக்கி, புல்லையும் இலையையும் சுள்ளியையும் வாயால் கௌவிக் கொண்டுவந்து கும்பலாகக் குவித்து, அதற்குள் புகுந்து குட்டிகளை ஈனுகிறது. தேகத்தில் இழந்ததை அது செயலினால் ஈடுசெய்கிறது.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் அத்தகைய கூடு கட்டும் சுபாவம் இல்லை. கூரையும் காற்றுத் தடுப்பும் மனிதனே தர வேண்டியவை. பட்டியின் வடகிழக்குப் பக்கத்தில் ஓலையாலோ சாக்காலோ உயரமாக ஒரு மறைப்பு, படுப்பதற்கு நீர் தேங்காத மேட்டு நிலம், மார்கழிக்கென்று அறுவடையிலிருந்தே சேமித்த வைக்கோல்போர் ஆகிய மூன்றும் இருந்தால், மாண்டஸ் கொண்டுவந்த குளிரைப் போன்ற ஒன்றை நாட்டு மாடு தாங்கும் என்றே நான் நம்புகிறேன். கன்றுக்கு முதற்காரியம் ஈன்ற இரண்டொரு மணி நேரத்துக்குள் சீம்பால். பழுப்புக் கொழுப்பு தீர்வதற்கு முன் அதன் வயிற்றில் எரிபொருள் விழ வேண்டும்.

குளிரால் சோர்ந்து கிடக்கும் குட்டியைக் கண்டால், அதன் வாய்க்குள் விரலை வைத்துப் பார்ப்பது கால்நடை வைத்தியரின் வழக்கம். வாய் குளிர்ந்து, விரலைச் சப்பும் முயற்சியே இல்லையென்றால், அந்நிலையில் பாலைப் புகட்டக் கூடாது. விழுங்கும் சக்தியற்ற குட்டிக்குப் புகட்டும் பால் அதன் நுரையீரலுக்குள் போய்விடும். பிறந்து சில மணி நேரமே ஆன குட்டியைத் துடைத்து உலர்த்தி, சூடேற்றி, சப்பத் தொடங்கிய பிறகு சீம்பாலைக் கொடுத்தால் போதும். பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்டதாயின், பழுப்புக் கொழுப்பும் தீர்ந்து இரத்தத்தில் சர்க்கரையும் வற்றியிருக்கும். அதை அப்படியே நெருப்பருகில் வைத்துச் சூடேற்றினால், உடல் விழித்தெழுந்து சர்க்கரையைத் தேடும்போது கிடைக்காமல், வலிப்புக் கண்டு இறந்துவிடுவதைச் செம்மறிக் குட்டிகளில் கண்டிருக்கிறார்கள். அவ்வித குட்டிக்கு வைத்தியர் முதலில் குளுக்கோஸ் கரைசலை வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்துகிறார். சூடேற்றுவது அதற்குப் பிறகுதான்.